சிங்கப்பூரில் அந்திமகாலத் தொண்டூழியம்: ஒரு வரலாற்று நோக்கு

சிங்கப்பூருக்குப் புலம்பெயர்ந்தோர் எங்ஙனம் வந்தனர், எங்ஙனம் உழைத்தனர் என்பன விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவர்கள் எங்கே, யார் அருகிருக்க இறந்தனர் என்னும் வினா அத்துணை பேசப்பட்டதில்லை. அவ்வினாவோடு தொடர்புடைய அந்திமகாலத் தொண்டூழியத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

உறவினரின்றி வந்த தொழிலாளர்க்கு இறப்பதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. சீனர்க்குச் சைனாடவுனின் சாகோ லேனில் 'சாவு வீடுகள்' இருந்தன. அவை 1961-இல் தடைசெய்யப்பட்டன. 1844-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற டான் டோக் செங் மருத்துவமனை ஏழை நோயாளிகளுக்கென எழுந்ததாகும். அது பின்னர்ச் சிராங்கூன் சாலைக்குப் பெயர்ந்தது. அது அவ்விடத்தை விட்டகன்றபின், 1910-இல் அங்கே குவோங் வை ஷியூ மருத்துவமனை தோன்றியது. லிட்டில் இந்தியாவின் ஊடே செல்லும் சாலை இதுவே என்பது கருதத்தக்கது.

எனினும், இவை யாவும் உறைவிடமும் சிகிச்சையும் அளித்த இடங்களே. குணமாக்க இயலாத நோயாளியின் வலியைத் தணித்து, குடும்பத்தாரையும் தாங்கும் முறை பிற்காலத்தது. இலண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் அதற்கு வழிகாட்டியது. சிங்கப்பூரில் 1985-இல் புனித ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. அதன்பின் மருத்துவர், தாதியர், பொதுமக்கள் அடங்கிய தொண்டூழியர் குழுவொன்று, சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லலாயிற்று. அவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் சிந்தியா கோ (மறைவு 2022). இம்முயற்சியிலிருந்தே 1989-இல் எச்.சி.ஏ. அமைப்பு உருவாயிற்று. டோவர் பார்க் அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் 1992-இல் நிறுவப்பட்டது. எனவே, இத்துறை அரசாணையால் பிறந்ததன்று. தொண்டூழியரால் பிறந்தது என்பது எமது துணிபு.

தொண்டூழியர் மருத்துவர்க்கு மாற்றாகார். நோயாளியின் அருகே அமர்தல், பராமரிப்பவர் சிறிது வெளியே சென்றுவரத் துணைநிற்றல், இறப்பிற்குப் பின்னும் குடும்பத்தாரின் துயரைச் செவிமடுத்தல் ஆகியனவே அவர்தம் பணி. இப்பணிக்குக் கருவி மொழியே. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரைக் கொண்டு வளர்ந்தது. ஆங்கு நோயாளியும் தொண்டரும் பெரும்பாலும் ஒரே மொழியினர். நான்கு ஆட்சிமொழிகள் உள்ள சிங்கப்பூரில் அவ்வுறுதி இல்லை.

2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இல்லத்தில் தமிழையே பெரிதும் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010-இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரையாட, தமிழன்றிப் பிறிதறியாத பாட்டி தம் வலியையும் அச்சத்தையும் யாரிடம் கூறுவார்? மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மருந்தின் அளவை விளக்கலாம். மனக்குறையை அங்ஙனம் கேட்டறிதல் அரிது.

தமிழாசிரியர்கள் தமிழின் எதிர்காலத்தை வகுப்பறையில் தேடுகின்றனர், அது முறையே. ஆயின், அம்மொழியை இம்மண்ணில் பேசி வாழ்ந்த தலைமுறை இறுதிப் படுக்கையில் இருக்கையில், அதனைக் கேட்கவும் ஒருவர் வேண்டும். அன்று வீடுவீடாகச் சென்ற தொண்டூழியரின் வரலாறு, நம் மொழிப்புலமைக்கு அங்கேயும் பணி உண்டு என்பதை உணர்த்துகிறது.