மன்னார்க் கரையில் ஒருமையும் பன்மையும்

ஆங்கிலம் கற்கப் புகும் மாணாக்கன் தொடக்கத்திலேயே இடறுமிடம் ஒருமை பன்மைப் பாகுபாடாகும். பெயரின் ஈற்றில் 'எஸ்' சேரின் பன்மை. வினையின் ஈற்றில் அதே எழுத்துச் சேரின் ஒருமை. இம்முரணை மனனஞ் செய்த பின்னரும் அவன் 'மை ஃபாதர் ஆர் கமிங்' என்று எழுதிவிடுகின்றான். எண்ணத் தெரியாமையால் எழுந்த பிழை அன்று இது. தந்தையை 'வருகிறான்' என்று சொல்ல நாக்கூசி, 'வருகிறார்' எனப் பலர்பால் விகுதி கூட்டிப் பழகிய நாவின் பிழையாகும். இவ்விடர்ப்பாட்டை மறுதலையாக, ஐரோப்பிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்து எதிர்ப்பட்டவர்களுள் முன்னோடி ஒருவர் மன்னாரில் வாழ்ந்தவர்.

அவர் போர்த்துக்கேயராகிய ஹென்றிக் ஹென்றிக்கசு அடிகளார். 1546 இல் இந்தியா வந்த இவ்வியேசு சபைத் துறவி, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றி, 1548, 1549 ஆம் ஆண்டுகளிலே தமிழ் மொழிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபோது பரதவரிற் பலர் தீவிற் குடியேற, அடிகளாரும் வந்து சில ஆண்டுகள் ஈண்டுத் தங்கினார். அவர் கைக்கொண்ட அளவுகோல் இலத்தீன் இலக்கணமும், 1540 இல் வெளிவந்த ஜோவாவோ டி பாரோசின் போர்த்துக்கேய இலக்கணமுமாம். அவர் எழுதிவைத்ததோ பெரும்பாலும் கரையோர மக்களின் பேச்சுத் தமிழ். ஏட்டுத் தமிழையே தமிழெனக் கொள்வார் அதனை இகழக்கூடும். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய பேச்சு வழக்கை அறிய அதனினும் சிறந்த சான்று அரிது. அந்நூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இலேதான் வெளிவந்தது.

இலத்தீனில் ஒவ்வொரு பெயரும் வேற்றுமைதோறும் எண் காட்டி நிற்கும். மன்னார்க் கடலிற் குளித்தவனோ 'முத்து எடுத்தேன்' என்பான். ஒன்றா, நூறா? சொல்லிலே விடையில்லை. இத்தகைய சொல்லை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்றார். அதன் எண்ணை வினை காட்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. 'முத்து உருண்டது' எனின் ஒன்று. 'முத்து உருண்டன' எனின் பல. ஆங்கிலத்திலும் 'ஷீப்' என்னும் சொல் இத்தகையதே. ஆண்டும் வினையே வழிகாட்டும். ஆயின் ஆங்கிலத்தில் விலக்காய் நிற்பது தமிழில் பெருவழக்கு.

உயர்திணையிலேதான் முடிச்சு இறுகுகிறது. முன்னிலையில் ஒருவரைப் பன்மையால் அழைக்கும் வழக்கம் போர்த்துக்கேயர்க்குப் புதிதன்று. எதிரே இல்லாத ஒருவரையும், அவரைப் பற்றிய வினையையும் பன்மையாக்குவதே அவர்க்குப் புதுமை. தொல்காப்பியர் இதனை வழக்கில் வந்த உயர்சொல் என ஏற்றும், இலக்கண நெறியன்று என விலக்கியும் வைத்தார். நன்னூலார் உவப்பு, உயர்வு முதலிய காரணம்பற்றி அமைதி கூறினார். எனினும் வழக்கு இலக்கணத்துக்குக் காத்திருக்கவில்லை. 'அவர்' ஒருவரைச் சுட்டும் மரியாதைச் சொல்லாகிவிடவே, பலரைச் சுட்ட 'கள்' ஏற்று 'அவர்கள்' பிறந்தது. பின்னர் அதுவும் ஒருவர்க்கும் உரியதாயிற்று. பன்மைமேற் பன்மை ஏறிய இது ஆங்கிலத்தார்க்கு வியப்பாதல் கூடாது. அவர்தம் 'சில்ட்ரன்' என்னும் சொல்லும் பழைய பன்மையின்மேல் மற்றொரு பன்மை விகுதி ஏறியதே. ஒருவரையே நோக்கி 'யூ ஆர்' என அவர்கள் இன்றும் பன்மை வினை கூட்டுகின்றனர். 'தௌ' என்னும் ஒருமை, பொதுப்பேச்சில் வீழ்ந்து பழைய செபங்களில் எஞ்சியது.

செபத்தை மொழிபெயர்ப்போர்க்கு இவையனைத்தும் ஒருங்கே எதிர்ப்படும். இலத்தீனில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ கேட்பவரை உள்ளடக்கும் 'நம்' என்பதும், விலக்கும் 'எங்கள்' என்பதும் வேறு. கேட்பவன் இறைவனாதலின் 'எங்கள் பிதாவே' என்பதே பொருந்தும். 1578 இல் கொல்லத்தில் அச்சான தமது நூலுக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' எனப் பெயரிட்டார். சைவர் நாவிற் பயின்ற அச்சொல்லில் 'தம்' பன்மை, 'பிரான்' ஒருமை.

இலத்தீன் செபம் இறைவனை ஒருமையில் விளிக்கிறது. தமிழ்க் கிறித்தவர் நெடுங்காலமாக வழங்கிவரும் செபமோ 'உம்முடைய' என்று, பழம் பன்மையிற் பிறந்த மரியாதைச் சொல்லைக் கொண்டது. கோட்டையிலிருந்து தொலைவில் இல்லாத மாந்தையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில், பாலாவியில் நீராடி வரும் அடியார் தேவாரம் ஓதுகையில் அதே இறைவனை 'நீ' என்கின்றனர்.