பேராதனையா, கட்டுப்பெத்தையா?

அண்மையில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற அவரது மகள் குடிசார் பொறியியல் கற்க விரும்புகிறாள். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக இடுவது என்பதே கேள்வி. கலைப் பட்டதாரியான என்னிடம் கேட்பதிற் பயனில்லை. ஆயினும் என் சிறிய தந்தையாரின் நினைவு வந்தது.

அவரது காலத்தில் தெரிவுகள் இரண்டே. 1950 இல் கொழும்பில் தொடங்கி 1964 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் ஒன்று. 1966 இல் கட்டுப்பெத்தையில் உருவான இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரி மற்றையது. எங்கள் ஊர்களில் பேராதனை என்றால் ஒரு மயக்கமே இருந்தது. அதற்குக் காரணமுமுண்டு. வடமராட்சியிற் பிறந்த அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் இயல்பு பற்றி 1963 இல் வெளியிட்ட ஆய்வு, மண் பொறியியலின் அடிப்படை ஆய்வுகளுள் ஒன்று. பேராதனையிற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கிய அவர், 1988 இல் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

சிறிய தந்தையாரும் பேராதனையைத்தான் விரும்பினார். நான்கு பாடங்களிலும் அவர் பெற்ற மொத்தப் புள்ளி 240 இற்குச் சற்று மேல். 1971 அனுமதியிற் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூலத்தாருக்கு 250 வேண்டியிருந்தது. கட்டுப்பெத்தைக்கு முறையே 212, 232. இத்தனைக்கும் பொறியியல் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன! எந்த மொழியிற் பரீட்சை எழுதினார் என்பதே, எந்த ஊரிற் படிப்பார் என்பதைத் தீர்மானித்தது. அவர் கட்டுப்பெத்தைக்குப் போனார். கல்லூரியிற் புகுந்தவர், 1972 இன் மாற்றத்தால், பல்கலைக்கழக வளாகமொன்றிலிருந்து வெளியேறினார். 1978 இல் அது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று.

அவருக்குப் பின்வந்தோருக்கு அந்த இரண்டாந் தெரிவும் அரிதாயிற்று. 1969 இல் பொறியியலுக்கு அனுமதி பெற்றோரில் ஏறத்தாழ 48 வீதமாயிருந்த தமிழர், மாவட்ட ஒதுக்கீடு வந்த 1974 இல் 16 வீதமளவிற்குக் குறைந்தனர். மன்னார், மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அவ்வொதுக்கீடு வாயிலைத் திறந்தது என்பதையும் மறைக்கலாகாது. யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் அதனை அதிகம் பேசுவதில்லை.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. காலியிலும் ஒலுவிலிலும் பீடங்கள் உண்டு. எங்கு சென்றாலும் குடிசார் துறை உடனே கிடைத்துவிடாது; பொதுக் கற்கையின் பெறுபேற்றைக் கொண்டே துறை ஒதுக்கப்படும் வழமையையும் நண்பருக்கு நினைவூட்டினேன்.

பின்னர் சிறிய தந்தையாரிடமும் கேட்டேன். மொறட்டுவையையே முதலாவதாக இடச் சொல்வார் என எதிர்பார்த்தேன். "பிள்ளை பேராதனையைப் போடட்டும்," என்றார். காரணம் சொல்லவில்லை. அவ்வாறே விண்ணப்பம் அனுப்பப்பட்டது. வெட்டுப்புள்ளி இன்னும் வெளிவரவில்லை.