அடையாள அட்டை இலக்கத்தோடு நிரலாக்கம் பழகலாம்

இடம்பெயர்ந்தோர் பதிவு, வீட்டுத்திட்டம், நிவாரணம் என்று எங்கள் ஊர்களில் பட்டியல்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒரே ஆள் இருவராகப் பதியப்பட ஒரு காரணம், தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவங்களில் இருப்பது. பழையதில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. 2016 முதல் வந்தது 12 இலக்கங்கள் கொண்டது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறு நிரலை எழுதிப் பார்த்தால் நிபந்தனை, சார்பு, மீள்செயல் மூன்றும் பிடிபட்டுவிடும். பைதன் மொழி இதற்குப் போதும்.

நிரல் மேலிருந்து கீழாக, வரிவரியாக ஓடும். அந்த ஓட்டத்தைக் கிளைபிரிப்பது நிபந்தனை. நீளம் 12 என்றால் அப்படியே விடு. நீளம் 10 என்றால் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களை எழுதி, ஒரு 0 செருகி, மீதி நான்கையும் எழுது. கடைசி எழுத்தை விட்டுவிடு. 726151234V என்ற கற்பனை இலக்கம் இப்படி 197261501234 ஆகும். இரண்டும் இல்லையென்றால்? தொடக்கநிலையாளர் பலர் மறப்பது இந்த மூன்றாவது கிளையைத்தான். அங்கே நிரல் ஊகிக்கக் கூடாது, 'சரிபார்க்கவும்' என்று சொல்ல வேண்டும். பிழையாகத் திருத்திய இலக்கம் ஒரு குடும்பத்தையே பட்டியலிலிருந்து விழுத்திவிடும்.

இந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்துக் கட்டினால் அது சார்பு. பழைய இலக்கத்தைக் கொடுத்தால் புதியதைத் திருப்பித் தரும். திரையில் காட்டுவதும் திருப்பித் தருவதும் ஒன்றல்ல. திருப்பித் தந்தால்தான் நிரலின் அடுத்த வரி அதை எடுத்துப் பயன்படுத்தலாம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதே சார்பை அழைப்பது மீள்செயல்.

பிறந்த திகதிக்கு இன்னொரு வகை மீள்செயல் வேண்டும். ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். எங்கள் உதாரணத்தில் 615, ஆகவே பெண், 115ஆம் நாள். மிச்சம் அந்தந்த மாதத்தின் நாட்களைவிடக் கூடுதலாக இருக்கும்வரை கழித்துக்கொண்டே போக வேண்டும்: 31 போக 84, 29 போக 55, 31 போக 24. ஏப்ரல் 24. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. 28 என்று எழுதினால் மார்ச் முதல் ஒவ்வொரு திகதியும் ஒரு நாள் பிந்திவிடும்.

இலக்கத்தை வைத்தே வயதும் பாலும் தெரிந்துவிடுகிறதென்றால், உண்மையான பட்டியலை வட்சப் குழுவில் போட்டுப் பழகக் கூடாது. கற்பனை இலக்கங்களே போதும்.