இடது பக்கம் பாதாளம்

நம்மூரில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. குறைந்தபட்சம், போகவேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது! தென் அமெரிக்காவின் பொலிவியாவில் வலது பக்கம். நாடு முழுக்க அப்படித்தான். ஆனால், ஒரே ஒரு பழைய மலைப்பாதையில் மட்டும் நம்மைப்போல இடது பக்கம். ஏன் தெரியுமா?

லா பாஸ் நகரத்தையும் கொரொய்கோ என்ற ஊரையும் இணைக்கும் யுங்காஸ் பாதை அது. சுமார் 4,650 மீட்டர் உயரத்தில் குளிரில் பற்கள் தந்தியடிக்கக் கிளம்பினால், அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் வேர்த்துக் கொட்டும் காட்டுக்கு வந்துவிடுவீர்கள். வழியில் பல இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான். தடுப்புச்சுவர்? மூச்! மேலேயிருந்து அருவி ரோட்டிலேயே கொட்டும். பனிமூட்டம் வந்தால் எதிரே எதுவும் தெரியாது. கீழே, நூற்றுக்கணக்கான மீட்டர் பள்ளம்.

இங்கே, இறங்குகிற வண்டி பள்ளத்தை ஒட்டித்தான் போகவேண்டும். டிரைவர் சீட் அந்த ஊரில் இடது பக்கம். ஜன்னலில் தலையை நீட்டினால் சக்கரத்துக்கும் சாவுக்கும் நடுவே எத்தனை விரற்கடை மிச்சமென்று அவரே பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் அந்த இடது பக்கம்!

சரி, இப்படியொரு பாதையை யார் வெட்டினார்கள்?

1879-ல் தொடங்கிய போரில் சிலியிடம் தன் கடற்கரையையே பறிகொடுத்த நாடு பொலிவியா. பக்கத்திலிருந்த பராகுவேயும் அதற்குமுன் ஒரு போரில் ஏகப்பட்ட மக்களை இழந்து நொந்துபோயிருந்தது. இந்த இரண்டு ஏழை நாடுகளும் 1932-ல் சாக்கோ என்ற வறண்ட பூமிக்காக மோதிக்கொண்டன. அங்கே எண்ணெய் இருக்கும் என்றொரு நம்பிக்கை. மூன்று வருஷம் சண்டை. குண்டுக்குத் தப்பியவர்களைத் தாகமும் நோயும் கொண்டுபோயின. இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் உயிர்கள்!

அதில் பிடிபட்ட பராகுவே கைதிகள்தான் இந்த மலையைக் குடைந்தவர்கள். அவர்கள் நாட்டின் உச்சியான குன்றே 842 மீட்டர்தான். சமவெளிக்காரர்களை ஆண்டிஸ் மலையின் விளிம்பில் நிறுத்தி, ‘வெட்டு’ என்றார்கள்.

பாதை தன் கணக்கை அதற்குப் பிறகும் முடிக்கவில்லை. 1983 ஜூலை 24-ல் ஒரு பஸ் உருண்டு நூறு பேருக்கு மேல் பலி. 1995-ல் ஒரு வளர்ச்சி வங்கி, ‘உலகத்திலேயே ஆபத்தான சாலை’ என்று பட்டம் கொடுத்தது.

விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டுப் பயணிகள் சைக்கிளோடு வந்து இறங்கினார்கள். 2006-ல் புதிய சாலை வந்ததும் லாரிகள் பெரும்பாலும் அங்கே போய்விட, பழைய பாதை கிட்டத்தட்ட சைக்கிள்காரர்களுக்கே. வித்தை ரொம்ப எளிது. பள்ளத்தைப் பார்க்காதீர்கள், கண் போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதீர்கள். நிறுத்தினால் மலைப் பக்கமாகக் காலை ஊன்றுங்கள். இடது காலை ஊன்றினால், அங்கே தரை இல்லாமல் போகலாம்! மறந்துபோன சைக்கிள்காரர்கள் சிலர் திரும்பி வரவேயில்லை.

காசு கொடுத்து வாங்கும் பயத்தில் ஒரு வசதி உண்டு. கை நடுங்கினால் சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொள்ளப் பின்னாலேயே ஒரு வேன் வரும்.

அந்தக் கைதிகளுக்குப் பின்னால் வந்தது துப்பாக்கி மட்டும்தான்.