கதவைத் தட்டும் கடமை

ஒருவர் வீட்டுக்குள் நுழைய வரும் அரசு அதிகாரி முதலில் கதவைத் தட்ட வேண்டும். தான் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். திறக்கும்படி கேட்க வேண்டும். 1604-இல் லண்டனில் செமெய்ன் வழக்கின் தீர்ப்பு வகுத்த நெறி இது. ஆங்கிலச் சட்டத்தோடு இது அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே அதைத் தேயச் செய்தது போதைப்பொருளுக்கு எதிரான போர்.

1970-இல் நிக்சன் ஆட்சியில் நிறைவேறிய இரு சட்டங்கள், தட்டாமலே நுழைய அதிகாரிகளுக்கு வழிவிட்டன. தட்டிவிட்டுக் காத்திருந்தால் உள்ளே இருப்பவர் சரக்கைக் கழிப்பறையில் கொட்டிவிடுவார் என்பது வாதம். அரை நிமிடத்தில் கழிப்பறையில் மறைந்துவிடும் அளவு, பெருவணிகனின் சரக்காக இருக்க இயலுமா என்ற கேள்வி நமக்கு எழுகிறது. 1973-இல் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் நகரில், ஒரே இரவில் இரண்டு அப்பாவிக் குடும்பங்களின் வீடுகளுக்குள் மத்திய அதிகாரிகள் துப்பாக்கிகளோடு புகுந்தனர். எதிர்ப்பு வலுத்தது, 1974-இல் அந்த அனுமதிகள் நீக்கப்பட்டன.

சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. நீதிமன்றங்களும் மாநிலங்களும் விதிவிலக்குகளைப் பெருக்கின. ஸ்வாட் எனப்படும் அதிரடிப் படைகள் பணயக் கைதிகளை மீட்பது போன்ற அரிய நெருக்கடிகளுக்காக அமைந்தவை. 1980 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 முறை இறங்கிய அவை, 1990களின் நடுவில் ஏறத்தாழ 30,000 முறை இறங்கின என்பது ஆய்வாளர் பீட்டர் கிராஸ்காவின் மதிப்பீடு. பெரும்பகுதி போதைப்பொருள் சோதனைகளே. தட்டும் நெறி அரசியல் சாசனத்தைச் சார்ந்ததே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 2006-இல், அதை மீறி நுழைந்து எடுத்த சான்றையும் வழக்கில் பயன்படுத்தலாம் என்றது. கடமை எஞ்சியது, மீறினால் இழப்பு ஏதும் இல்லாமற்போயிற்று.

அப்பாவிகளின் முகவரிக்குக் கஞ்சாப் பொதியை அனுப்பி, இடைவழியில் எடுத்துக்கொள்வது அக்காலக் கடத்தல்காரர்களின் ஓர் உத்தி. அப்படி ஒரு பொதி 2008 ஜூலையில் மேரிலாந்தின் பெர்வின் ஹைட்ஸ் என்ற சிற்றூருக்கு, அவ்வூர் மேயர் சே கால்வோவின் வீட்டுக்கு வந்தது. அதிரடிப் படை கதவை உடைத்து நுழைந்து, அவருடைய இரு நாய்களைச் சுட்டுக் கொன்றது. அவரையும் மாமியாரையும் கட்டிப்போட்டது. ஊரின் சொந்தக் காவல்துறைக்குக்கூடத் தகவல் இல்லை. குற்றமற்றவர் எனத் தெளிவான பின் கால்வோ கேட்டது எளியது: எத்தனை முறை இப்படி நுழைகிறீர்கள், எதற்காக?

அக்கேள்வியே 2009-இல் மாநிலச் சட்டமாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். முதல் கணக்கில், 2009-இன் பிற்பாதியில் மட்டும் 804 பாய்ச்சல்கள். அவற்றில் 94 விழுக்காடு வெறும் சோதனை ஆணையையோ கைது ஆணையையோ நிறைவேற்றுவதற்கானவை.

2020 மார்ச் 13 நள்ளிரவுக்குப் பின், கென்டக்கியின் லூயிவில் நகரில் போதைப்பொருள் சோதனைக்கு வந்த காவலர்கள் ப்ரியானா டெய்லர் என்ற 26 வயது மருத்துவமனை ஊழியரைச் சுட்டுக் கொன்றனர். வீட்டில் போதைப்பொருள் ஏதும் கிடைக்கவில்லை. தட்டினோம் என்றனர் காவலர். எதுவும் கேட்கவில்லை என்றனர் அண்டை வீட்டார் பலர். அவ்வாணையைப் பெறுவதில் பொய் கலந்திருந்ததை 2022-இல் முன்னாள் காவலர் ஒருவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2020 ஜூனில் நகர மன்றம் தட்டாமல் நுழையும் ஆணைகளை ஒருமனதாகத் தடைசெய்தது. ஆணையை நிறைவேற்றும் காவலர்கள் உடற்கேமராவை இயக்கியிருக்க வேண்டும் என்றும் விதித்தது.

தேசம் தொடுத்த போரைத் தணிக்க முனைந்தவர்கள் ஒரு சிற்றூர் மேயரும் ஒரு நகர மன்றமும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். உடைந்த கதவு அவர்கள் தெருவில் இருந்தது. ஆனால் மேரிலாந்தின் கணக்குச் சட்டம் காலவரையறை கொண்டது; 2014-இல் அது காலாவதியாக விடப்பட்டது. தட்டாமல் நுழைவதைத் தடைசெய்வது ஒரு நாள் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். தட்டினார்களா என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருப்பதே கடினம்.