ஓட்டுச் சில்லில் ஒரு தோட்டம்

சமையலறை ஜன்னலோரத்தில் தொட்டி வைத்துக் கீரை போடுவது பட்டணவாசிகள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மனைவி ஒரு பழைய டப்பாவில் கொத்தமல்லி விதைத்தபோது பரிகாசம்கூடச் செய்தேன். கிரேக்க சரித்திரத்தைப் புரட்டிய பிறகு அதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து ஸ்திரீகள் உடைந்த பானைகளில் மண்ணைப் போட்டு, லெட்டூஸ் கீரையும் பெருஞ்சீரகமும் விதைத்தார்கள். சமையலுக்கல்ல. காட்டுப்பன்றி குத்தி இளம் வயதிலேயே மாண்டுபோன அடோனிஸ் என்ற அழகனுக்காக அழுகிற விழா அது. முளைத்த பயிரை ஏணி வைத்துக் கூரைக்கு ஏற்றுவார்கள். ஓட்டுச் சில்லில் வேர் எங்கே ஓடும்? சில நாள் வெயிலில் துவண்டுவிடும். அதைக் கொண்டுபோய் நீரில் விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ருஹே மியூஸியத்தில் உள்ள ஒரு தைலக் குப்பியின் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஏணியில் ஒரு பெண். சிறகுள்ள காதல் தேவன் அவளிடம் ஒரு தொட்டியை நீட்டுகிறான். தொட்டி என்பது பாதியாக உடைந்த சாடிதான், கழுத்துப் பக்கம் கீழே இருக்கிறது! முளைப்பாரி எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. அதற்காக இரண்டுக்கும் உறவு கற்பிக்கும் உத்தேசம் எனக்கில்லை.

புருஷர்களுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. பிளேட்டோவின் ஒரு நூலில் ஸாக்ரடீஸ் கேட்கிறார்: புத்தியுள்ள குடியானவன் அருமையான விதையை அடோனிஸ் தோட்டத்தில் போட்டு, எட்டே நாளில் தளிர்த்ததென்று மகிழ்வானா என்று. வேரில்லாத காரியத்துக்கெல்லாம் அதுவே பழமொழியாயிற்று.

இந்தக் கேள்வியை ஏதென்ஸ் புருஷர்களிடமே திருப்பிக் கேட்க எனக்கு ஆசை. கி.மு. 415-ல் ஜனசபை கூடி, கடலுக்கு அப்பால் இருந்த ஸிஸிலித் தீவின்மேல் படையெடுக்கத் தீர்மானித்தது. டெமோஸ்டிராட்டஸ் என்பவர் யுத்தத்துக்காக முழங்குகிறார். அதே சமயம் கூரைமேல் ஒரு பெண் அடோனிஸுக்காகப் புலம்புகிறாள். அரிஸ்டோபனீஸின் 'லைஸிஸ்ட்ரட்டா' நாடகத்தில் ஓர் அதிகாரி, பெண்களின் அடங்காத்தனத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லிக் கோபிக்கிறார். (புளூடார்க், கப்பல்கள் புறப்படும் வேளையில் ஒப்பாரி கேட்டது என்கிறார். அவர் எழுதியது ஐந்நூறு வருஷங்களுக்குப் பின்.) நாடகம் நடந்தது கி.மு. 411-ல். அதற்குள் முடிவு ஊருக்கே தெரியும். அந்த இடத்தில் சபையோர் சிரித்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு.

ஏனெனில் முதலில் போன 134 போர்க்கப்பல்களும், பின்னால் உதவிக்குப் போனவையும் கி.மு. 413-ல் தொலைந்தன. ஏழாயிரத்துக்குக் குறையாத கைதிகளை ஸிராக்யூஸ் நகரத்தார் கல்வெட்டும் பள்ளங்களில் அடைத்தார்கள். தூஸிடிடீஸ் கணக்குச் சொல்கிறார்: எட்டு மாத காலம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், இரண்டு கிண்ணம் தானியம். மேலே கூரை கிடையாது. பகலெல்லாம் வெயில் நேராக இறங்கியது.