கதவுக்குள் அரை நொடி

சாவிக்கொத்தில் தொங்கும் ரிமோட்டை அழுத்தியதும் காரின் நான்கு கதவுகளும் ஒன்றாக ‘டக்’ என்கின்றன. அந்தச் சத்தம், ஒவ்வொரு கதவின் தகட்டுக்குள்ளும் இருக்கும் சின்ன டிசி மோட்டாரின் வேலை. ஒரு முறைக்கு அது ஓடுவது அரை நொடி, மிஞ்சினால் ஒரு நொடி. இவ்வளவு குறைவாக ஓடுவதால்தான் அது இவ்வளவு சிறிதாக இருக்க முடிகிறது. காருக்கு முன்பே இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டது கல்லாப்பெட்டி.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் இயங்கிய நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் 1904இல் சார்லஸ் கெட்டரிங் என்ற இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். கைப்பிடியைச் சுழற்றி இயக்கிவந்த கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்துவது அவருக்குக் கிடைத்த பணிகளில் ஒன்று. பெட்டிக்குள் பெரிய மோட்டாருக்கு இடமில்லை. ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் மோட்டார் சற்று நேரம் சுழன்றாலே போதும். நாள் முழுக்க ஓடும் மோட்டார், கருகாமல் இருக்கப் பெரிதாக இருந்தாக வேண்டும். கணநேரம் ஓடுவதோ, தன் அளவுக்கு மீறிய சுமையையும் இழுத்துவிடும். சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். இதே கணக்கைத்தான் கெட்டரிங் பின்னர் காருக்குக் கொண்டுபோனார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்கள் அவருடைய மின் ஸ்டார்ட்டரோடு வந்தன. இன்ஜினைக் கிளப்ப இரும்புக் கம்பியைக் கையால் சுழற்றி, அது திருப்பி அடித்துக் கை முறிந்த காலத்துக்கு அங்கிருந்து முடிவு தொடங்கியது. செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கண்டுபிடித்தவர் என்பதோடு அவரை நிறுத்திவிடுவது போதாது. கண்ணாடி இறக்குவது, பூட்டுவது என்று இன்று காருக்குள் சற்று நேரம் மட்டும் ஓடி நிற்கும் மோட்டார்கள் இயங்குவதும் அந்தக் கல்லாப்பெட்டிக் கணக்கில்தான்.

ஆனால் கதவுப் பூட்டுக்கு மின்சாரம் நிலையாக வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. 1914இல் ஸ்க்ரிப்ஸ்-பூத் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் மின்சாரக் கதவுப் பூட்டுடன் கார் விற்றது. அது பரவவில்லை. 1956இல் பேக்கார்ட் நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அதன் டெட்ராய்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனமோ பல ஆண்டுகள் மின்மோட்டாரை விட்டுவிட்டுக் காற்றழுத்தக் குறைவை நம்பியது. மெல்லிய குழாய்கள் வழியே காற்றை உறிஞ்சிக் கதவுகளைப் பூட்டும் ஏற்பாடு அது. குழாய் கசிந்தால், மெக்கானிக் கதவைப் பிரித்து அந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது.

தாமதத்துக்கு ஒரு காரணம் மோட்டாரின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. பூட்டுக்கு இரண்டு திசை வேண்டும்: ஒருபுறம் சுழன்றால் பூட்டு, மறுபுறம் சுழன்றால் திறப்பு. பழைய வகை ஸ்டார்ட்டர் மோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்குவதும் கம்பிச்சுருள்தான். அதற்குப் போகும் ப்ளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால், உள்ளே இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் சேர்ந்தே திரும்பும். ஆகவே மோட்டார் பழைய திசையிலேயே சுழலும். சுருளுக்குப் பதில் நிலைக்காந்தம் இருந்தால்தான் வெறும் இரண்டு கம்பிகளைக் கொண்டு திசையை மாற்ற முடியும். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகம் உருவாக்கிய ஃபெரைட் நிலைக்காந்தம் மலிவானது, அரிதான உலோகம் எதுவும் கேட்காதது. அதே பத்தாண்டின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதே அளவு வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும் என்றானதால் கதவுக்குள் மெல்லிய வயரை இழுக்க முடிந்தது.

சிறிய மோட்டாரைக் கோடிக்கணக்கில் செய்யும் கைத்திறன் பொம்மைத் தொழிலிலிருந்து வந்தது. ஜப்பானின் தகமட்சு நகரில் 1940களின் பிற்பகுதியில் கெனிச்சி மபுச்சி குதிரைலாட வடிவக் காந்தம் கொண்ட சிறு மோட்டாரை உருவாக்கினார். 1954இல் டோக்கியோவில் தொடங்கிய அவருடைய நிறுவனம் முதலில் பொம்மைகளுக்குத்தான் மோட்டார் கொடுத்தது. டமியா நிறுவனத்தின் குட்டி ரேஸ் கார்களை ஓட்டிய சிறுவர்கள் மபுச்சி என்ற பெயரை அறிவார்கள். பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் பெரிய சந்தைகளில் ஒன்றானது காரின் கதவுப் பூட்டு.

சாவியில்லாமல் திறப்பது தனிக்கதை. 1980இல் ஃபோர்டு நிறுவனம் தண்டர்பர்ட் முதலிய கார்களின் கதவில் ஐந்து பொத்தான்களை வைத்தது; எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும். 1982இல் பிரான்சின் ரெனோ ஃபுயேகோ காரில் பால் லிப்ஷுட்ஸ் உருவாக்கிய அகச்சிவப்பு ரிமோட் வந்தது. பிறகு ரேடியோ அலை: ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 315. ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் திருடன் அதைப் பதிவுசெய்து பயன்படுத்திவிடுவான். எனவே ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் குறியீடு தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கீலோக் அந்த வகை. 1995இல் அதை மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது.

ரிமோட் மோட்டாரை ஓட்டுவதில்லை. அது கேட்பதெல்லாம் அனுமதி. காரிலுள்ள கண்ட்ரோல் பெட்டி குறியீட்டைச் சரிபார்த்து இரண்டு ரிலேக்களில் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளில்) ஒன்றைத் தட்டுகிறது. ஓய்வில் மோட்டாரின் இரண்டு கம்பிகளும் எர்த்தில் இருக்கும். ஒரு ரிலே இழுத்தால் ஒரு கம்பிக்கு 12 வோல்ட் போகும். மற்றது இழுத்தால் அடுத்த கம்பிக்கு. ரிலே விட்டதும் இரு முனைகளும் மறுபடி எர்த்தில் சேர, மோட்டார் தனக்குத்தானே பிரேக் போட்டு நிற்கிறது. தொழிற்சாலையில் சென்ட்ரல் லாக் இல்லாமல் வந்த கார்களுக்காகக் கடைகளில் விற்கும் கிட்டிலும் இதே ஏற்பாடுதான்: டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் ஆக்சுவேட்டர் (பூட்டை இயக்கும் மோட்டார் பெட்டி), மற்ற கதவுகளுக்கு இரண்டு வயர். குழந்தைகள் ஸ்விட்சை விடாமல் அழுத்தி விளையாடினாலும் கருகாதபடி, பல பூட்டு மோட்டார்களுக்குள் சூடேறினால் மின்தடையைக் கூட்டிக்கொள்ளும் ஒரு சிறு வில்லையும் உண்டு.

கதவின் ஏற்பாட்டைத் தங்கள் விருப்பப்படி மாற்றியவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1950களிலேயே அமெரிக்க இளைஞர்கள் கதவின் கைப்பிடியை அறுத்தெடுத்து, துளையை அடைத்து, மறைவான பொத்தானும் சாலினாய்டும் (மின்காந்தத்தால் இழுக்கும் தண்டு) வைத்துக் கதவைத் திறந்தார்கள். சாவியில்லாமல் திறக்கும் கீலெஸ் கிட் வந்ததும் பொத்தானின் இடத்தை ரிமோட் பிடித்தது. அந்தக் கிட்டிலிருந்து வேறு மோட்டாரையும் ஓட்ட முயன்றபோதுதான் பலர் தடுக்கினார்கள். பூட்டுக்கான வயரில் கிடைப்பது கணநேரத் துடிப்பு மட்டும்; தொடர்ந்து ஓட வேண்டிய மோட்டார் அதில் ஓடாது. டிக்கிக்கென்று கிட்டில் விடப்பட்டிருக்கும் தனி வயரோ பெரும்பாலும் மைனஸ் சமிக்ஞை. சில நூறு மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. அதில் மோட்டாரை நேரே கோத்தால் கிட்டின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். அந்த வயரால் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கி, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி வயர் இழுப்பதே முறை. இன்ஜின் ஓடும்போது அந்த வயரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். பொம்மையிலிருந்து கழற்றிய 3 வோல்ட் மோட்டாருக்கு அது நான்கு மடங்குக்கும் மேல். வோல்ட்டைக் குறைக்கும் சிறு சர்க்யூட் ஒன்றை நடுவில் வைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும்.